சீயக்காயை மிளகாய் மிஷினில் அரைக்காதீர்கள்

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் செய்முறைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பங்குனி மாதம், மொட்டை மாடியில் மூன்று நாள் காயவைத்த சீயக்காய்ச் சாமான் இரண்டு கிலோவைப் பையில் கட்டிக்கொண்டு ஊரில் ஒரு மில்லுக்குப் போனேன். ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். வழக்கமாகப் போகும் மில் அன்றைக்குப் பூட்டிக் கிடந்ததால் வேறொன்று. "சீயக்காய்க்குத் தனி மிஷின் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இருக்குதுங் அம்மணி, வெச்சுட்டுப் போங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க" என்றார்கள். நானும் வைத்துவிட்டு வந்துவிட்டேன். தப்பு அங்கேதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எண்ணெய் வைத்து ஊறி, தூளைக் கரைத்துத் தலையில் தேய்த்த ஒரு நிமிடத்தில் உச்சந்தலை காந்த ஆரம்பித்தது. சீயக்காய் கண்ணில் பட்டால் எரியும், அது எல்லோருக்கும் தெரிந்த எரிச்சல். இது காது மடல், பிடரி, நெற்றிப்பொட்டு என்று தூள் இறங்கிய இடமெல்லாம் தீயாக எரிந்தது. யாருக்கோ மிளகாய்த்தூள் அரைத்துவிட்டு, மிஷினைத் துடைக்காமல் கொள்ளாமல் என் சீயக்காயைக் கொட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற எரிச்சல் பரவியதே தவிரக் குறையவில்லை, ஏனென்றால் மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் கொழுப்பிலும்தான் கரையும். அம்மா கட்டித் தயிரைக் கொண்டுவந்து தலையில் அப்பிய பிறகுதான் மூச்சு வந்தது. இரண்டு கிலோ தூளும் குப்பைக்குப் போனது.

வீட்டில் செய்யும் தலைமுடிச் சாமான்களில் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான். எந்த மூலிகை சேர்த்தோம், எத்தனை சேர்த்தோம் என்பதில் பெரிதாக எதுவும் கெடுவதில்லை. 21 வகை மூலிகை என்று போட்டு விற்கிறார்களே, அதில் பாதி பெயருக்கு. ஈரம் போகாமல் அடைத்தது, சூடாக மூடியது, அரைத்த இடம் சரியில்லாதது, இவைதான் ஆளைக் கவிழ்க்கும். அதனால் கீழே சாமான் பட்டியலைவிட இந்த விஷயங்களைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இங்கே நான் சொல்லப்போகிற எதுவும் வழுக்கையில் முடி முளைக்க வைக்காது. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. டெங்கு, டைபாய்டு மாதிரி கடுமையான காய்ச்சல் வந்துபோய் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும், பிரசவம் ஆகிச் சில மாதத்தில் கொட்டும், அது தானாகவே நிற்கும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாமல் எண்ணெயை மாற்றி மாற்றித் தடவிப் பிரயோஜனம் இல்லை. வீட்டுத் தூளும் எண்ணெயும் செய்வது இரண்டே வேலை: தலையைச் சுத்தமாக்குவது, இருக்கிற முடி உடையாமல் சிக்காமல் பார்த்துக்கொள்வது. அதுவே பெரிய உபகாரம்தான்.

சீயக்காய்த்தூள்

சாமானெல்லாம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சீயக்காய் காட்டில் ஏறிப் படரும் முள்கொடி. மலைவாழ் மக்கள் பறித்துக் காயவைத்துக் கொடுப்பதுதான் கடைக்கு வருகிறது. எங்கள் பக்கம் சத்தியமங்கலம் மலையிலிருந்து வரும், "மலைச் சீயக்காய்" என்று சொல்லி விற்பார்கள். வாங்கும்போது ஒரு காயைக் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். உடைத்தால் 'பட்'டென்று உடைய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, எடைக்காக அப்படியே விற்கிறார்கள் என்று அர்த்தம். பொடிப் பொடியாக ஓட்டை இருந்தால் வண்டு விழுந்த சரக்கு. தூளாகவே வாங்கிவிடலாமே என்று கேட்டால், தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க என்னால் முடியாது, உங்களால் முடிந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

என் அளவு இது. சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 150 கிராம், விதை எடுத்த பூந்திக்கொட்டைத் தோல் 150 கிராம், நெல்லிமுள்ளி 100 கிராம், காய்ந்த ஆவாரம்பூவும் செம்பருத்திப்பூவும் சேர்த்து 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், புழுங்கலரிசி ஒரு கைப்பிடி, காய்ந்த கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. எலுமிச்சை பிழிந்த தோலைக் குப்பையில் போடாமல் வருடம் முழுக்கக் காயவைத்துச் சேர்த்துக்கொண்டே வந்தால் அதையும் போடலாம். வெட்டிவேர் வாசனைக்கு நன்றாக இருக்கும், ஆனால் நார். கத்தரியால் அரை விரல் நீளத்துக்கு நறுக்கிப் போடாவிட்டால் மிஷினில் சுற்றிக்கொள்ளும், மில்காரர் திட்டுவார், அவர் திட்டுவதும் நியாயம்.

எது எதற்கு என்று தெரிந்தால் அளவை நீங்களே உங்கள் தலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். அழுக்கை எடுப்பது சீயக்காயும் பூந்திக்கொட்டையும்தான். இரண்டிலும் சபோனின் என்கிற நுரைக்கும் பொருள் இருக்கிறது. பூந்திக்கொட்டை கொஞ்சம் முரட்டு ஆள், எண்ணெயை வழித்து எடுத்துவிடும், வறண்ட முடி என்றால் பாதியாகக் குறைத்துவிடுங்கள் அல்லது விட்டேவிடுங்கள். அதன் உள்ளே கோலிக்குண்டு மாதிரி கறுப்பு விதை இருக்கும். அதை ஒன்றுவிடாமல் எடுத்தாக வேண்டும், அத்தனை கெட்டி. பச்சைப்பயறும் அரிசியும் மாவாக நின்று எண்ணெயை உறிஞ்சும். வெந்தயம் வழுவழுப்பு கொடுத்து முடி சிக்காமல் பார்த்துக்கொள்ளும். பூலாங்கிழங்கும் பூக்களும் முக்கால்வாசி வாசனைக்கு. அவ்வளவுதான். கையில் காசு குறைவு, நேரமும் இல்லை என்றால் சீயக்காய், பயறு, வெந்தயம் மூன்றை மட்டும் அரையுங்கள், தலை ஒன்றும் வித்தியாசம் கண்டுபிடிக்காது.

காயவைப்பதுதான் உண்மையான வேலை. மாசி, பங்குனி, சித்திரை வெயிலில் மூன்று நாள் வேண்டும். பூவையும் கறிவேப்பிலையையும் நிழலில் தனியாகக் காயவைத்து, கடைசி நாள் மட்டும் ஒரு மணி நேரம் வெயில் காட்டினால் போதும். மற்றதெல்லாம் சுள்ளென்ற வெயிலில், துணி விரித்து, மதியம் ஒரு முறை கிளறிவிட்டு, சாயங்காலம் பனி இறங்குவதற்குள் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். பலர் இந்த எடுத்து வைக்கிற வேலையைச் செய்வதில்லை, மாடியிலேயே விட்டுவிடுகிறார்கள், பகலில் போன ஈரம் ராத்திரி திரும்ப வந்துவிடுகிறது. காய்ந்ததா என்று பார்க்க நெல்லிமுள்ளியைக் கடித்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி இழுத்தால் இன்னொரு நாள். நெல்லிமுள்ளி காய்ந்தால் எல்லாம் காய்ந்த மாதிரி. ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையே எடுக்காதீர்கள்.

காய்ந்த சாமானை வெயில் சூடு இருக்கும்போதே மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும், அப்போதுதான் மொறுமொறுப்பு இருக்கும், நைசாக அரைபடும். மில்லில் மாவு மிஷின், மிளகாய் மல்லி மிஷின், சீயக்காய் மிஷின் என்று தனித்தனியாக இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். சில ஊர்களில் சீயக்காய்க்கு என்று ஒரு நாளோ ஒரு நேரமோ ஒதுக்கியிருப்பார்கள், முன்னாலேயே கேட்டுவைத்துக்கொண்டு போய்விடுங்கள். அரைத்து முடியும்வரை அங்கேயே நில்லுங்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளாமல் நிற்க முடியாது, சீயக்காய்த் தூசு ஏறினால் வரிசையாகப் பத்து தும்மல் வரும், மில்காரர் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல நின்றுகொண்டிருப்பார், எப்படியோ. வீட்டு மிக்ஸியில் அரைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: கால் கிலோவுக்கு மேல் போடாதீர்கள், உரலிலோ சுத்தியலாலோ காயை முதலில் உடைத்துக்கொள்ளுங்கள், மூடியை உடனே திறக்காமல் ஐந்து நிமிடம் விட்டு, தூசு அடங்கிய பிறகு திறங்கள். அந்த ஜாரில் அப்புறம் சட்னி அரைத்தால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள், பழைய ஜார் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

அரைத்த தூள் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். வந்ததும் வராததுமாக டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டிகட்டியாகிப் பூசணம் பிடிக்கும். செய்தித்தாளில் பரப்பி, ஃபேன் போடாமல், ஒரு ராத்திரி ஆறவிட்டு, சலித்து அடையுங்கள். சலித்ததில் நிற்கும் கப்பியைத் தூக்கிப் போட வேண்டாம், பித்தளைப் பாத்திரம் தேய்க்க அருமையாக இருக்கும். வாயகன்ற கண்ணாடிப் பாட்டில் அல்லது எவர்சில்வர் தூக்கு, உள்ளே ஈரக் கை போகக் கூடாது, குளியலறையில் வைக்கவே கூடாது. வாரத்துக்குத் தேவையானதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டால் மீதி ஒரு வருடம் நிற்கும்.

தேய்க்கிற விதம். தோள்வரை முடி இருந்தால் மூன்று டேபிள்ஸ்பூன் போதும். தண்ணீரைவிட வெதுவெதுப்பான வடிகஞ்சியில் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் தூள் பூத்துக் குழைந்து வரும், தலையில் நரநரவென்று இருக்காது. குக்கர் வந்த பிறகு வடிகஞ்சிக்கு எங்கே போவது என்பீர்கள். ஒரு கைப்பிடி அரிசியைத் தாராளமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து வடித்துக்கொள்ளுங்கள், அல்லது அரிசி களைந்த இரண்டாவது தண்ணீர். தலையை நன்றாக நனைத்த பிறகு, முடியில் அல்ல, மண்டையில் படும்படி விரல் நுனியால் தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி தேய்த்து அலசினால் கண் தப்பிக்கும். பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரில் அலசுங்கள், வேறு எந்த வைத்தியமும் வேண்டாம். ஷாம்பு மாதிரி நுரை வரும் என்று எதிர்பார்த்துத் தூளை அள்ளி அள்ளிப் போடாதீர்கள். 1980களில் கடலூர்ப் பக்கமிருந்து கிளம்பிய பாக்கெட் ஷாம்பு வீட்டுக்கு வீடு தொங்க ஆரம்பித்த பிறகுதான் நுரை வந்தால்தான் சுத்தம் என்ற எண்ணம் நமக்குள் ஏறியது. சீயக்காய் நுரை மெல்லிசாக வந்து உடனே அடங்கிவிடும், அழுக்கு போயிருக்கும்.

கரைக்கும் பாத்திரம் எவர்சில்வரோ பீங்கானோ இருக்கட்டும். இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் சீயக்காயிலும் நெல்லியிலும் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுத்துப்போகும். நரைமுடிக்காரர்கள் சிலர் இதை வேண்டுமென்றே செய்வார்கள், இளநரையைக் கொஞ்சம் மங்கலாக்கும். வெள்ளைத் துண்டால் துவட்டினால் துண்டும் சேர்ந்து மங்கும்.

ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, தூள் சாக்கடைக் குழாயில் போய்ப் படிந்து அடைக்கும். சென்னைக்கு வந்த புதிதில் கீழ்வீட்டுக்காரரிடம் இதற்காகவே பேச்சு வாங்கியிருக்கிறேன். அதனால் இப்போது முக்கால்வாசி நாள் கஷாயம்தான். ஆறேழு சீயக்காயை உடைத்து, நான்கு பூந்திக்கொட்டையை விதை நீக்கி, ஒரு ஸ்பூன் வெந்தயம், இரண்டு துண்டு நெல்லிமுள்ளி எல்லாவற்றையும் முதல் நாள் ராத்திரி மூன்று டம்ளர் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கட்டும். கிட்டவே நில்லுங்கள், பால் மாதிரி பொங்கி அடுப்பை நாசமாக்கிவிடும். ஆறியதும் கையால் பிசைந்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் டீ டிக்காஷன் நிறத்தில் ஒரு தண்ணீர் கிடைக்கும். அதைத் தலையில் ஊற்றித் தேய்த்து அலசிவிடலாம், துகளே இருக்காது. மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், அதற்கு மேல் புளித்த வாடை வரும், ஊற்றிவிடுங்கள். பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் நிற்கிற "ஹோம்மேட் ஹெர்பல் ஷாம்பு" என்று யாராவது விற்றால், கெடாமல் இருக்க என்ன போட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தண்ணீர் இருக்கிற எதுவும் பதப்படுத்தும் பொருள் இல்லாமல் அப்படி நிற்காது.

எங்கள் கொங்குப் பக்கம் சீயக்காய்க்கு இணையாக அரப்பும் உண்டு. உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள். சீயக்காய் அளவுக்குக் கண் எரியாது, வழுவழுவென்று இருக்கும், குளிர்ச்சி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அரப்புதான் எனக்குப் பிடிக்கும். தனியாகவோ சீயக்காயோடு பாதிக்குப் பாதியோ கலக்கலாம். கடையில் வாங்கும் அரப்பில் மண் இருக்கிறதா என்று ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், அடியில் மணல் தங்கினால் கடையை மாற்றுங்கள்.

கரிசலாங்கண்ணி எண்ணெய்

தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர், செக்கில் ஆட்டியது. வெள்ளைப்பூ கரிசலாங்கண்ணி இரண்டு பெரிய கட்டு, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, மருதாணி இலை ஒரு கைப்பிடி, செம்பருத்திப்பூ பத்து, நெல்லிக்காய் நான்கு, சின்ன வெங்காயம் பத்து, வெந்தயம் ஒரு டேபிள்ஸ்பூன். இலைகளைக் கழுவி, துணியில் பரப்பி, மேலே இருக்கும் தண்ணீர் முழுக்க உலர்ந்த பிறகு, கூடுமானவரை தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பச்சை எண்ணெயில் கலந்து பிறகு அடுப்பில் வைக்க வேண்டும். எண்ணெயைக் காயவைத்துவிட்டு விழுதைப் போட்டீர்களானால் அது மேலே தெறித்துக் கையைச் சுட்டுவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது, நுரைத்து எழும்பும். அடிகனமான சட்டி, சிறு தீ, மரக்கரண்டி. முதல் இருபது நிமிடம் நுரையும் சத்தமுமாக ஒரே ரகளையாக இருக்கும். அது எண்ணெயின் சத்தம் இல்லை, இலையில் உள்ள தண்ணீர் ஆவியாகும் சத்தம். இந்த இடத்தில் காதைத்தான் நம்ப வேண்டும். சிடசிடப்பு மெல்ல மெல்லக் குறைந்து, நுரை பெரிய குமிழாகி, பிறகு அடங்கி, சட்டி அமைதியாகும். அப்போது கரண்டியில் கொஞ்சம் சக்கையை எடுத்து ஆறவைத்து இரு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். மெழுகு மாதிரி உருண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. மணல் மாதிரி உதிர்ந்தால் பதம் வந்துவிட்டது, அந்த நொடியே அடுப்பை அணையுங்கள். அதற்கு மேல் இரண்டு நிமிடம் விட்டால் சக்கை கருகி, எண்ணெயில் தீய்ந்த வாடை ஏறிவிடும், என்ன வாசனை போட்டாலும் போகாது. ஒரு லிட்டருக்கு எனக்கு ஐம்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. இலையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்து உங்களுக்குக் கூடவோ குறையவோ ஆகலாம்.

முழுக்க ஆறிய பிறகு துணியில் வடிகட்டி, வெயிலில் நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றுங்கள். கரும்பச்சையாக இருக்கும். பாட்டிலில் சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். ஒரு முறை ஆசைப்பட்டுச் சோற்றுக் கற்றாழையைத் துண்டு துண்டாகப் போட்டு, காய்ச்சாமல் "ஊறட்டும்" என்று வெயிலில் வைத்தேன். கற்றாழை முழுக்கத் தண்ணீர் அல்லவா, பத்தாம் நாள் மேலே வெள்ளையாகப் பூத்துவிட்டது. அடுப்பே வேண்டாம், வெயில்தான் வேண்டும் என்பவர்கள் அரைத்த விழுதை வடை மாதிரி சின்னச் சின்னதாகத் தட்டி, நிழலில் நான்கைந்து நாள் உள்ளே வரை காயவைத்து, அதை எண்ணெயில் போட்டு ஒரு வாரம் வெயிலில் வைக்கலாம். அந்தக் காலத்து முறைதான். வடையின் நடுப்பகுதி காய்ந்ததா என்று உடைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மார்கழியில் எண்ணெய் உறைந்துவிட்டது, கெட்டுவிட்டதா என்று கேட்பார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையத்தான் செய்யும், உறைவது கெடுதல் இல்லை. உறையக் கூடாது என்றால் கால் பங்கு நல்லெண்ணெய் சேருங்கள். விளக்கெண்ணெயைத் தனியாக மட்டும் வைக்காதீர்கள், அதன் பிசுபிசுப்பில் நீள முடி சடை பிடித்துக் கத்தரிக்கோல் எடுக்கிற நிலைமை வரும். நான்கு பங்குக்கு ஒரு பங்கு போதும்.

மூலிகை எல்லாம் போட்டுவிட்டு இதைச் சொல்வது ஒரு மாதிரி இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். இந்த எண்ணெயில் அதிக வேலை செய்வது வெறும் தேங்காய் எண்ணெய்தான். அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள்ளேயே இறங்கக்கூடியது. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டபோது முடியிலிருந்து புரதம் கழுவிப் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான், அதுவும் குளிப்பதற்கு முன்னால் வைத்தாலும் பலன் இருந்தது. ஆகவே குளிக்கும் முன் வைத்தாலே போதும், வழிய வழிய வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தலையணையை நாசமாக்க வேண்டியதில்லை. கரிசலாங்கண்ணியை நான் ஏன் விடாமல் போடுகிறேன் என்றால், அந்த வாசனைக்கு. எங்கள் வீட்டுத் தலை வாசனை அது.

பொடுகு இருப்பவர்கள் மட்டும் எண்ணெயை நிறுத்துங்கள். பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குக் கொழுப்புதான் சாப்பாடு, நீங்கள் எண்ணெய் வைப்பது அதற்கு விருந்து வைப்பது. "தலை வறண்டதால்தான் பொடுகு, எண்ணெய் வை" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், தலையாட்டிவிட்டு வைக்காமல் இருங்கள். மருந்துக் கடையில் கீட்டோகோனசோல் ஷாம்பு என்று கேட்டால் கிடைக்கும், அதில் பொடுகு அடங்கிய பிறகு எண்ணெய்ப் பக்கம் வரலாம்.

செம்பருத்தி, வெந்தயம்

இது கண்டிஷனருக்குப் பதில். நாட்டுச் செம்பருத்தி, அதாவது ஒற்றை அடுக்கு சிவப்புப் பூ பூக்கிறது, அதன் இலை இருபது. மிக்ஸியில் போடாதீர்கள், துணுக்குகள் முடியில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை சீப்பில் பச்சை பச்சையாக வரும். இரண்டு டம்ளர் தண்ணீரில் இலையைப் போட்டுக் கையால் கசக்கு கசக்கென்று கசக்குங்கள், ஐந்து நிமிடத்தில் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழப்பாகிவிடும். வடிகட்டி, சீயக்காய் போட்டு அலசிய தலையில் ஊற்றி, முடி நுனி வரை உருவி, பத்து நிமிடம் விட்டு அலசினால் போதும். ஊரில் செடி இருப்பவர்களுக்குச் செலவே இல்லை.

செடி இல்லாதவர்களுக்கு வெந்தயம். இரண்டு ஸ்பூனை ராத்திரி ஊறவைத்துக் காலையில் நன்றாக நைசாக அரைத்து, துணியில் பிழிந்து அந்தக் கூழை மட்டும் தடவுங்கள். வெந்தய வாடை இரண்டு நாள் தலையில் இருக்கும், ஆபீஸ் போகிறவர்கள் சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் விட்டால் போதும். சுருட்டை முடிக்காரர்களுக்கு ஆளி விதை: இரண்டு ஸ்பூன் விதை, இரண்டு கப் தண்ணீர், கொதித்துக் கொழகொழப்பானதும் சூட்டோடு வடிகட்ட வேண்டும். ஆறினால் வடியவே வடியாது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம்.

இதெல்லாம் வேண்டாம்

எலுமிச்சையை நேரே மண்டையில் தேய்ப்பது, சமையல் சோடா போட்டுத் தலை அலசுவது, இரண்டும் வேண்டாம். நம் மண்டைத் தோல் லேசான புளிப்புத் தன்மை உள்ளது, முதலாவது மிகப் புளிப்பு, இரண்டாவது புளிப்புக்கு நேரெதிரான காரத்தன்மை கொண்டது, இரண்டுமே தோலைப் புண்ணாக்கும். முட்டை வைத்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், தலையிலேயே வெந்து பொரியலாகிவிடும்.

சின்ன வெங்காயச் சாறு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். புழுவெட்டுக்கு, அதாவது வட்ட வட்டமாக முடி கொட்டுவதற்கு, வெங்காயம் தேய்ப்பது நம் பக்கத்துப் பழக்கம்தான். 2002இல் ஈராக்கில் புழுவெட்டு உள்ளவர்களிடம் செய்த சிறிய ஆய்வு ஒன்றில் வெங்காயச் சாறு தடவியதில் பலருக்கு முடி முளைத்தது. புழுவெட்டு தானாகவும் சரியாகக்கூடியது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். ஆண்களுக்கு வருகிற வழுக்கைக்கு அதைத் தேய்த்தால் வீடு முழுக்க சாம்பார் வாசனை வருவதுதான் மிச்சம். முடி வளரும் என்று சொல்லப்படும் ரோஸ்மேரி மூலிகையும் அப்படித்தான், அதற்கு ஆதாரமாகக் காட்டும் 2015 ஆய்வு ரோஸ்மேரி எண்ணெயை வைத்துச் செய்தது, நாம் ஊட்டியிலிருந்து வாங்கிவந்து கொதிக்கவைக்கும் இலைத் தண்ணீரை வைத்து அல்ல.

மருதாணி வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மருதாணி முடியைச் செம்மையாக்கும், கறுப்பாக்காது. கறுப்பு வேண்டுமென்றால் மருதாணி வைத்து அலசிய பிறகு அவுரிப் பொடி வைக்க வேண்டும். "கறுப்பு மருதாணி" என்று ஒரே பாக்கெட்டில் அரை மணி நேரத்தில் கறுப்பாக்கும் என்று விற்பதில் பெரும்பாலும் பிபிடி என்கிற ரசாயனம் இருக்கும், ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும். வீட்டில் அரைத்ததாக இருந்தாலும் சரி, புதிதாக எதையும் தலைக்கு வைக்கும் முன் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். நானும் இப்போது மில்லிலிருந்து வந்த தூளை முதலில் முழங்கையின் உள்பக்கம் கரைத்துத் தடவி, கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் தலைக்குப் போகிறேன். அம்மா சிரிப்பாள். தயிர் மட்டும் எப்போதும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது.